மருந்துக்கு அடங்காத கிருமிகள்: தேவை அறிவுரை மட்டுமல்ல, ஆள்பலம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் பதினொரு நாட்கள் காத்திருந்தேன். உள்ளே இருந்தவர் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து அழைத்து வரப்பட்ட மூத்த தோழர். வைரஸ் காய்ச்சல் நுரையீரலைத் தாக்கியதால் அவருக்கு வென்டிலேட்டர் பொருத்தப்பட்டிருந்தது. நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. ஆறாம் நாள் மீண்டும் ஏறியது. சளிப் பரிசோதனையின் முடிவை மருத்துவர் மலையாளத்தில் விளக்கினார். ‘பிரதிரோதம்’ என்ற சொல் அதில் இரண்டு மூன்று முறை வந்தது. நான் அதை ‘எதிர்ப்புச் சக்தி’ என்று தமிழில் சொன்னேன். தோழரின் துணைவியார் முகம் சற்றே தெளிந்து கேட்டார்: “எதிர்ப்புச் சக்தி கூடுதலா இருக்குன்னா நல்லதுதானே அண்ணே?”

மொழிபெயர்ப்பையே வேலையாகக் கொண்ட எனக்கு அன்று பதில் சொல்ல நா எழவில்லை. கூடியிருந்தது தோழரின் எதிர்ப்புச் சக்தி அன்று. அவர் நுரையீரலில் குடியேறிய கிருமியின் எதிர்ப்புச் சக்தி. பதினோராம் நாள் அவர் நம்மைவிட்டுப் பிரிந்தார்.

உடல் நோயை எதிர்ப்பதற்கும் கிருமி மருந்தை எதிர்ப்பதற்கும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொல்லைப் பயன்படுத்தி வருகிறோம். இதனால் விளையும் குழப்பம் சிறியதன்று. ‘மருந்து என் உடம்புக்குப் பழகிவிட்டது’ என்று நோயாளி எண்ணுகிறார். பழகியது உடம்பு அன்று, கிருமி. அக்கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும். வாழ்நாளில் ஆன்டிபயாட்டிக் மாத்திரையே விழுங்காதவரையும் கொல்லும். ஆகவே ‘மருந்துக்கு அடங்காத கிருமி’ என்றே இனிச் சொல்வோம். பெயரைத் திருத்தினால்தான் பொறுப்பு யாருடையது என்பதும் விளங்கும்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்நோய் எவ்வாறு வருகிறது? மூச்சுக்குழாயின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் தூசியையும் கிருமிகளையும் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பவை. வைரஸ் முதலில் அந்த மயிரிழைகளைச் சிதைக்கிறது. அடுத்து, உயிர்காக்கச் செருகப்படும் குழாய் இருமலைத் தடுத்துவிடுகிறது. வாயிலும் தொண்டையிலும் ஊறும் நீர் குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்குகிறது. குழாயின் மேற்பரப்பிலும் கிருமிகள் படலமாக ஒட்டி வளர்கின்றன. குழாய் செருகி 48 மணி நேரத்துக்குப் பின் தோன்றும் நிமோனியாவையே வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா என்கிறார்கள்.

இதில் பெரும்பாலும் அகப்படுபவை கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் ஆகிய கிருமிகள். இந்திய மருத்துவமனைகளில் அசினெட்டோபாக்டரின் பெரும்பகுதி, கடைசி ஆயுதங்களாகக் கருதப்பட்ட கார்பபெனெம் வகை மருந்துகளுக்கே அடங்குவதில்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பல பத்தாண்டுகளுக்கு முன் ஒதுக்கப்பட்ட கோலிஸ்டினை மருத்துவர்கள் மீண்டும் கையில் எடுக்க நேர்ந்தது இதனால்தான்.

கொரோனா காலம் இதை வெட்டவெளிச்சமாக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் 10 மருத்துவமனைகளில் 17,500க்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தது. அவர்களில் 3.6 விழுக்காட்டினருக்கு மட்டுமே பின்னர் வேறு கிருமித்தொற்று ஏற்பட்டது. ஆனால் அவ்வாறு தொற்றியவர்களில் 56.7 விழுக்காட்டினர் இறந்தனர். மொத்த நோயாளிகளில் இறந்தோரோ 10.6 விழுக்காட்டினர். வைரஸிடமிருந்து தப்பியவர்களையும் மருத்துவமனைக் கிருமி பறித்துக்கொண்டது.

வைரஸின்மீது ஆன்டிபயாட்டிக் சிறிதும் வேலை செய்யாது. இருந்தும், உலக அளவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு அது கொடுக்கப்பட்டது. உண்மையில் தேவைப்படும் வகையில் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்திருந்தவர்கள் 8 விழுக்காட்டினரே என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் தெரிவித்தது.

இங்கேதான் வழக்கமான உபதேசம் தொடங்குகிறது: மக்கள் அறியாமையால் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்குகிறார்கள், அதுவே எல்லாவற்றுக்கும் காரணம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மருத்துவரைப் பார்க்க ஒருநாள் கூலியை இழக்க வேண்டிய கட்டடத் தொழிலாளியிடம் இதைச் சொல்வதற்கு முன், மாலை நேரத்தில் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் அவருக்கு எட்டும் தொலைவில் உண்டா என்று கேட்க வேண்டாமா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கிருமியைக் கொண்டு செல்வது எது? பெரும்பாலும், கழுவ நேரமில்லாத கைகள். வென்டிலேட்டர் நிமோனியாவைத் தடுக்கும் வழிகள் எளியவை: தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைத்தல், வாயைத் தவறாமல் தூய்மை செய்தல், ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் கைகழுவுதல், மயக்க மருந்தை நாள்தோறும் குறைத்துப் பார்த்து இயன்ற விரைவில் குழாயை அகற்றுதல். இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, ஆள் வேண்டும். வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒவ்வொரு பணிமுறையிலும் ஒரு செவிலியர் என்பதே ஏற்கப்பட்ட நெறி. ஒருவர் மூன்று நான்கு படுக்கைகளுக்கு ஓடும்போது முதலில் கைவிடப்படுவது கைகழுவல்தான். அது அவருடைய குற்றமன்று. தரையையும் கட்டிலையும் துடைக்கும் துப்புரவுத் தொழிலாளி சில மாதங்களுக்கொருமுறை மாற்றப்படும் ஒப்பந்த ஊழியராக இருந்தால், தொற்றுத் தடுப்புப் பயிற்சி யாரிடம் தங்கும்?

கேரளத்தின் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் போராடிப் பெற்ற ஊதிய உயர்வு 2018 ஏப்ரலில் அரசாணையாயிற்று. அதை நாம் கூலிப் போராட்டமாக மட்டுமே எழுதினோம். அது நோயாளியின் உயிருக்கான போராட்டமும்கூட என்று எழுதத் தவறினோம்.

கேரளம் செய்துகாட்டியவை தோழர்கள் அறிய வேண்டியவை. 2018 அக்டோபரில், இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில், மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிரான மாநிலச் செயல்திட்டம் வகுக்கப்பட்டது. மருத்துவம், கால்நடை, மீன்வளம், சுற்றுச்சூழல் ஆகிய துறைகள் அதில் இணைக்கப்பட்டன. எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று காட்டும் மாநில அளவிலான பட்டியல் வெளியிடப்பட்டது. 2024 ஜனவரியில் தொடங்கிய ‘ஆபரேஷன் அம்ருத்’ திட்டத்தின்கீழ் மருத்துவரின் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்ற கடைகள் சோதனைக்கு உள்ளாயின. விற்பனை 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்ததாக மாநில சுகாதாரத் துறை அறிவித்தது. இது சாத்தியமானதற்கு அடிப்படை, ஊர்தோறும் உள்ள குடும்ப சுகாதார மையங்களும் உள்ளாட்சி அமைப்புகளும்.

எனினும் நிறைவடைந்துவிட்டதாக எண்ணலாகாது. கடைகளைச் சோதிப்பது எளிது; பெரிய தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை பேருக்கு இத்தொற்று ஏற்பட்டது என்று கேட்டு வாங்குவது கடினம். அந்தக் கணக்கு மக்கள் முன் வைக்கப்படாதவரை பழி சிறிய கடைக்காரர்மீதும் நோயாளிமீதுமே விழும்.

புதிய மருந்துகள் வரும் என்று காத்திருக்கவும் இயலாது. ஆன்டிபயாட்டிக்கைச் சில நாட்களே உட்கொள்கிறோம்; புதியது வந்தால் அதைச் சேமித்து வைக்க வேண்டும் என்கிறது மருத்துவம். விற்பனையைச் சுருக்கச் சொல்லும் சரக்கில் முதலாளிக்கு நாட்டம் இராது. 2018இல் நோவார்ட்டிஸ் இத்துறை ஆராய்ச்சியைக் கைவிட்டது. அதே ஆண்டு புதிய மருந்துக்கு அனுமதி பெற்ற அமெரிக்காவின் அக்காவோஜென் நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலானது. சந்தை தோற்ற இடம் இது.

நம் நாட்டிலோ, பென்சிலின் உற்பத்திக்காக 1954இல் பிம்பிரியில் தோன்றிய இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனத்தை விற்கவும், 1961இல் உருவான ஐ.டி.பி.எல். நிறுவனத்தை மூடவும் ஒன்றிய அமைச்சரவை 2016 டிசம்பரில் முடிவெடுத்தது. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாகக் கூறியது. 2021-22இல், பெருந்தொற்றின் நடுவிலும், அது 1.84 விழுக்காடாகவே இருந்தது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியர் எண்ணிக்கை நெறியைச் சட்டமாக்க வேண்டும். துப்புரவுப் பணியாளரை நிரந்தரமாக்க வேண்டும். கிருமி வளர்ப்புப் பரிசோதனை ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லா மருத்துவமனைகளும் தொற்றுக் கணக்கை வெளியிட வேண்டும். பொதுத்துறை மருந்து உற்பத்திக்கு உயிரூட்ட வேண்டும். இவற்றைச் செவிலியர் சங்கம், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் சங்கம், உள்ளாட்சி உறுப்பினர்கள் ஆகியோருடன் சேர்ந்து எழுப்புவது கிளைகளின் பணி. கூடவே, சாதாரண சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதிருப்பதை நம் வீடுகளிலேயே தொடங்குவோம்.

அன்று வாசலில் நின்று கேட்ட அந்தச் சகோதரிக்கு நான் சரியான சொல்லைத் தரவில்லை. காலந்தாழ்ந்தேனும் தருகிறேன்: உங்கள் துணைவரின் உடம்பு தோற்கவில்லை. அவரைக் காக்க அங்கே போதிய கைகளை நாம் வைத்திருக்கவில்லை.