ஒற்றைப் பிரதிக்காரர்கள்

2025 ஐப்பசியில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வேறொரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திரட்டி வந்தவர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அந்த அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டிருந்தது. அவருடைய பழைய கணிப்பொறி விண்டோஸ் 11-ஐ ஏற்காது, லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். மாலையில் கணிப்பொறி புதுப்பொலிவோடு திரும்பி வந்தது. உள்ளே பன்னிரண்டு ஆண்டுகளும் இல்லை. "டி டிரைவிலதானே சார் போட்டிருந்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மறுவாரம் சந்தித்துக்கொண்ட நண்பர்கள் அனைவரும் கடைப்பையனைத் திட்டித் தீர்த்தார்கள். பண்பாட்டின் அருமை தெரியாத தலைமுறை என்றார் ஒருவர். தொழில்நுட்பம் மரபை விழுங்குகிறது என்று ஒரு கட்டுரைக்கான தலைப்பையே தந்தார் மற்றொருவர். நான் அந்தப் பையனின் பக்கம் நிற்கிறேன். "டேட்டா ஏதாவது வேணுமா சார்?" என்று அவன் கேட்டிருக்கிறான். "எல்லாம் டி-யில் இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்று பதில் சொன்னவர் முதுகலைத் தமிழ் படித்த நம்மவர்.

சி, டி என்பவை பெரும்பாலான வீட்டுக் கணிப்பொறிகளில் ஒரே வன்தட்டின் இரு பகுதிகள். ஒரே வீட்டின் இரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை விழுந்தால் எந்த அறையில் நெல் இருந்தது என்ற கேள்விக்குப் பொருளில்லை. லினக்ஸை நிறுவும்போது முழுத் தட்டையும் அழித்துவிட்டு நிறுவலாமா என்றொரு கேள்வி வரும். அங்கே ஆம் என்று ஒரு முறை அழுத்தினால் இரண்டு அறைகளும் ஒன்றாகிவிடும். இதில் லினக்ஸின் குற்றமும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரம் போனால் கேரள எல்லை. அங்கே அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

குற்றம் நம்முடையது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் யார்? பாடபேதம் கற்பிப்பவர்கள். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் வகுப்பில் பெருமூச்சு விடுபவர்கள். வளையாபதி இன்று சில பாடல்களாகவேனும் எஞ்சியிருப்பது எப்படி? புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் தத்தம் தேவைக்காக அதிலிருந்து எடுத்தாண்டதால். காப்பியம் போயிற்று, பிறர் எடுத்துவைத்த பிரதி நின்றது. 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது ஒரு சுவடியை நம்பியதால் அல்ல. ஊர் ஊராகத் தேடிப் பல சுவடிகளை ஒப்பிட்டதால். பனையோலை நிரந்தரமானதல்ல என்பதை அதில் எழுதியவன் அறிந்திருந்தான். கரையான் வரும், செல்லரிக்கும் என்று தெரிந்தே அவன் படியெடுத்தான். படியெடுப்பவன் நின்றுபோன இடங்களில் நூல் செத்தது.

இவ்வளவையும் தேர்வுக்குக் கேட்கும் நாம், நம் சொந்த உழைப்பை ஒரே ஒரு தட்டில் வைத்துவிட்டு உறங்குகிறோம். சுவடிப்பதிப்பியல் கற்பிக்கும் ஆசிரியரின் வீட்டில் ஒற்றைப் பிரதி! இதைவிடக் கேலிக்குரியது வேறேது?

இந்தக் கேலியில் எனக்கும் பங்குண்டு. மாணவனாக இருந்த நாட்களில், அருமனையைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டும் முதியவர்களிடம் தொழிற்சொற்களைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். சிரட்டை, ஒட்டுப்பால், புகைப்புரை என்று தொடங்கி ஆயிரத்துக்குச் சற்று மேல். அச்சகத்தில் தந்த ஓர் எழுத்துருவில் தட்டெழுதி வைத்தேன். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது நான் எச்சரிக்கையானவன் என்ற பெருமிதத்தோடு கோப்புகள் அனைத்தையும் பென்டிரைவில் ஏற்றிவிட்டுத்தான் புதிய இயங்குதளத்துக்கு மாறினேன். பிறகு கோப்பைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும், தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும். எழுத்துருவின் பெயர் கோப்பில் இருந்தது, எழுத்துரு எங்கும் இல்லை. அச்சகம் மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இணையத்தில் கிடைத்த மாற்றிகள் எதுவும் அதை அறிந்திருக்கவில்லை.

தமிழில் இது புதுமையல்ல. யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991-இல். விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்தது. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் குறியாக்கம் வைத்திருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் தரங்கள் வந்தன. டிஸ்கி வேறொரு வழியில் போயிற்று. அரசு யூனிகோடையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக அறிவிக்க 2010 ஆயிற்று. இந்த இடைவெளியில் தட்டெழுதப்பட்ட சிற்றிதழ்களும் ஆய்வேடுகளும் எத்தனை! அவற்றை நகலெடுத்து வைத்திருப்பவர்களும் எழுத்தை அல்ல, ஓர் எழுத்துருவின் நிழலைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அக்காலத்து ஆதாரங்கள் பலவும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு மூலை கிழியவில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால், அதைப் படித்துச் சொல்ல ஒரு முதியவரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தாள் பிழைத்தது, வாசிப்புப் பிழைக்கவில்லை. வாசிக்க முடியாத பிரதி பிரதியாகாது.

என் சொற்பட்டியல் எப்படி மீண்டது? வீட்டுப் பரணில், யாருக்கோ காட்டுவதற்காக எடுத்த நாற்பது பக்க அச்சுப்படி ஒன்று கிடந்தது. அந்தத் தாளையும் திரையில் தெரிந்த கிறுக்கலையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எந்தக் கொம்புக்கு எந்த உயிர்மெய் என்று ஒரு விடுமுறை முழுவதும் பட்டியலிட்டேன். பெரும்பகுதி திரும்பியது. சில சொற்கள் ஐயத்துக்கு உரியனவாகவே நிற்கின்றன. மீண்டும் கேட்கலாம் என்றால், சொன்னவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை.

இந்தப் பேச்சை எடுத்தால் சில மறுப்புகள் வருகின்றன. எழுத்தாளனுக்கு எதற்கு இந்தக் கணிப்பொறிப் புராணம் என்பது முதலாவது. எழுத்தாணி கூர்மை செய்யத் தெரியாத புலவர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் மேகத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது. மேகச் சேமிப்பில் பெரும்பாலானவை கணிப்பொறியும் தொலைவிலுள்ள சேமிப்பும் ஒன்றையொன்று பிரதிபலிக்கும்படி அமைந்தவை. இங்கே நீங்கள் அழித்தால் அங்கேயும் அழியும். குறிப்பிட்ட காலம் வரைதான் குப்பைக்கூடையில் கிடக்கும். கடவுச்சொல் மறந்தால் அதுவும் உங்களுடையதல்ல. நூலாக அச்சாகிவிட்டதே என்பது மூன்றாவது. அச்சில் வந்தது பிழைக்கும், சரி. வராதவைதானே நம் வாழ்நாளின் பெரும்பகுதி? குறிப்புகள், களப்பதிவுகள், கடிதங்கள், முடிக்காத முதல் வரைவுகள்.

புதிய இயங்குதளத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாறுங்கள். மாறுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுங்கள். தனியான வெளி வன்தட்டு ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்து, அதைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி வையுங்கள். இரண்டாவது நகல் வேறொரு வீட்டில் இருக்கட்டும். பழைய எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். பழைய இயங்குதளம் உயிரோடிருக்கும்போதே கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றி, எளிய உரைக்கோப்பாகவும் பி.டி.எஃப்பாகவும் சேமியுங்கள். வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். லினக்ஸைப் பார்க்க விரும்பினால், பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். நிறுவும்படி கேட்காதவரை வன்தட்டில் கைவைக்காது. யாவற்றுக்கும் மேலாக, எடுத்த நகலை வேறொருவரின் கணிப்பொறியில் திறந்து ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். இந்தக் கடைசி வேலையை நான் 2014-இல் செய்திருந்தால் ஒரு கோடைக்காலம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

நண்பரின் வன்தட்டை இப்போது தரவு மீட்பவர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத பகுதிகளிலிருந்து சில கோப்புகள் வரக்கூடும் என்கிறார். வரட்டும். ஆனால் அந்தப் பாட்டுகளைப் பாடிய ஆசான்கள் அவற்றைத் தாளில் எழுதிப் பூட்டி வைத்திருந்தவர்கள் அல்லர். கோயில் கொடைதோறும், விடிய விடிய, பின்பாட்டுக்காரர் நெஞ்சில் படியுமாறு பாடியவர்கள். ஒவ்வொரு கொடையும் ஒரு நகலெடுப்பு. வில்லைச் சுற்றி அமர்ந்தவர் அத்தனை பேரும் பிரதிகள். எழுத்தறியாத அவர்களில் பலரிடமிருந்து நம் நண்பரிடம் வந்து சேரும்வரை அந்தப் பாட்டுகள் தொலையவில்லை.

படித்த நம்மிடம் வந்த பிறகுதான் தொலைந்தன.