வரத்து வாய்க்காலை மீட்க வாருங்கள்!



கழுவெளி ஈரநிலத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தாயிற்று. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. போராடியவர்களுக்கு நன்றி. ஆனால் அரசாணை தண்ணீர் கொண்டுவராது.

கழுவெளியின் ஒரு பக்கம் உப்பங்கழி. எடையன்திட்டு முகத்துவாரம் வழியாக அங்கே கடல்நீர் ஏறி இறங்குகிறது. மறுபக்கம் நன்னீர்ப் படுகை. திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, கலங்கல் வழிந்து, ஓடை பிடித்து வரும் தண்ணீர்தான் அந்தப் படுகையை வாழவைக்கிறது. அந்த ஏரிகளில் பெரும்பாலானவை சரணாலய எல்லைக்கு வெளியே கிடக்கின்றன. அவற்றின் வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டால் உள்ளே நன்னீர் குறையும், உப்பு கூடும். விராலும் குறவையும் ஒழியும். ஊசிவால் வாத்து வேறு இடம் தேடும். நம் கிணற்றுத் தண்ணீரும் கரிக்கும்.

வெள்ளம் வந்தாலும் அடி நமக்கே. 2024 ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. வழியை மறித்தால் தண்ணீர் ஊருக்குள்தான் நுழையும்.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் உடனே இறங்குங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஏரியின் புலப்படத்தைப் பாருங்கள். வரத்து வாய்க்காலை முழுக்க நடந்து, அடைபட்ட இடத்தையெல்லாம் சர்வே எண்ணோடு குறியுங்கள்.

நீர்வளத்துறை ஏரியென்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் காட்டி மனு கொடுங்கள். ஊராட்சி ஒன்றிய ஏரியென்றால் கிராம சபைத் தீர்மானத்தோடு வட்டாட்சியரிடம் போங்கள். ஆக்கிரமிப்பில் கூலிக்காரர் குடிசை இருந்தால் மாற்றிடப் பட்டாவையும் அதே தீர்மானத்தில் கேளுங்கள்; ஏழையை விரட்டி ஏரியைக் காக்க நாம் வரவில்லை.

வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாரும் ஏரியில் விட அனுமதிக்காதீர்கள். பறவை வேட்டை தெரிந்தால் அன்றே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். அதற்குமுன் வாய்க்கால் வெட்ட அவகாசம் வேண்டுமென்றால் ஆகஸ்ட் 15 கிராம சபையைத் தவறவிடக் கூடாது. விவசாயிகளும் மீனவர்களும் மாணவர்களும் அன்று ஒரே வரிசையில் உட்காருவோம். தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை ஒருவரும் எழுந்திருக்க வேண்டாம்!