அடுக்களையும் அளவை நூலும்

குருமுகமாகக் கேளாதவர்கள் தத்துவ நூல்களைத் தொடலாகாது என்று சொல்லும் பெரியோர் நம் நாட்டில் எக்காலத்திலும் உண்டு. அவர்கள் சொல்வதிலே நியாயமும் உண்டு. வைத்திய நூலைத் தானே படித்துத் தனக்கே மருந்து கொடுத்துக்கொள்பவனைக் கண்டால் யாருக்குத்தான் அச்சம் தோன்றாது? ஆயினும் குருவைத் தேடிப் போக வழியில்லாமல், பெருநகர் போன்ற சிற்றூர்களில் இருந்துகொண்டு, ஓய்ந்த வேளையில் ஒரு நூலைத் திறக்கும் குடும்பஸ்தர்கள் என்ன செய்வது? நூலை மூடி வைத்துவிட வேண்டியதுதானா?

இதற்கு விடை தேட நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து வடக்கே சென்றால் காஞ்சி. மணிமேகலைக் காப்பியத்தின் முடிவில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைப்பது அந்நகரத்திலேதான். ஏழாம் நூற்றாண்டில் அங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், ஏறக்குறைய நூறு பௌத்த மடங்களும் 10,000 துறவிகளும் இருந்ததாக எழுதி வைத்தார். காலப்போக்கில் அம்மடங்கள் மறைந்தன. பாடம் சொல்லுவோரும் மறைந்தனர். நூல் மட்டும் ஏட்டுச் சுவடியில் எஞ்சி நின்றது.

அந்தச் சுவடியை டாக்டர் உ. வே. சாமிநாத ஐயரவர்கள் கையில் எடுத்தபோது அவர் நிலை என்ன? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர்; 1887-இல் சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சிட்டவர். தமிழ்ப் புலமையில் அவருக்கு என்ன குறை? ஆனால் பௌத்த தருமத்தில் அவரும் முதல் வகுப்பு மாணாக்கர்தாம். சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஐயம் கேட்கக் கும்பகோணத்து ஜைனர்கள் இருந்தார்கள். மணிமேகலைக்கோ பழைய உரையும் இல்லை. பௌத்தப் பாடம் சொல்லும் மடமும் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உடனிருந்த ரங்காசாரியரவர்கள் ஆங்கிலத்தில் வெளியான பௌத்த நூல்களைப் படித்து, விஷயத்தைத் தமிழில் எடுத்துச் சொன்னார். 1898-இல் மணிமேகலை அரும்பதவுரையுடன் வெளிவந்தது. புத்தர் சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றியும் ஐயரவர்கள் வசனத்தில் எழுதி உதவினார். தாம் தடுமாறிக் கடந்த வழியில் பின்வருவோருக்காக விளக்கு வைத்தார்.

காஞ்சியில் போதிக்கப்பட்ட தருமத்தை ஆங்கிலப் புத்தகத்தின் வழியாகத் தமிழன் அறிய நேர்ந்ததே என்று மனம் வருந்தத்தான் செய்கிறது. ஆனால் வருந்தி உட்கார்ந்திருந்தால் நூல் வந்திராது. கைவிட்டுப் போன பிதிரார்ஜிதத்தை மீட்பவன், பத்திரம் யார் பெட்டியில் கிடந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பானா?

இனி நூலுக்குள் நுழைவோம். முப்பது காதைகளில் இருபத்தொன்பதாவது, அளவை நூல். அதைக் கண்டதும் பலர் ஏட்டைத் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே சொல்லப்படுவது என்ன? மலையிலே நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை தெரிவது ஏது. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பது திட்டாந்தம். உபநயம், நிகமனம் என்ற மற்ற இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்கிறார் அடிகள். அடுத்த வீட்டுக் கூரைமேல் புகையைக் கண்டு, "அங்கே அடுப்பு மூட்டிவிட்டார்கள்" என்று சொல்லும் அம்மையார் எந்தத் தருக்க சாஸ்திரம் படித்தார்? தாம் நாள்தோறும் செய்கிற அனுமானத்துக்கு இத்தனை பெயர்கள் உண்டென்று அறிந்தால், அவருக்கு அச்சம் போய் ஆவல் பிறக்கும்.

முப்பதாவது காதையில் பேதைமை முதல் வினைப்பயன் வரை பன்னிரண்டு சார்புகள் வருகின்றன. வேட்கையிலிருந்து பற்று, பற்றிலிருந்து பவம் என்று ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிச் செல்கிறது. அவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாகச் சிந்தித்தால் பன்னிரண்டு நாளில் சங்கிலி கைக்கு வந்துவிடும். ஒரே இரவில் முடிப்பவனுக்குப் பெயர்கள்தாம் மிஞ்சும்.

பெரியோர்களின் எச்சரிக்கையையும் நாம் மறக்கலாகாது. தானே படிப்பவனுக்கு உள்ள பெரிய ஆபத்து, தன் பிழையைச் சுட்டிக்காட்ட எதிரே ஆள் இல்லாமைதான். ஆகவே ஒரு கொள்கையைப் படித்ததும் அதை மறுப்பவர் நூலையும் பார்க்க வேண்டும். பௌத்தத்தைப் படித்தவர் அதனோடு வாதாடும் நீலகேசியையும் திறக்கட்டும். விளங்காத இடத்தில் கோடிட்டு வைத்துக் கற்றவரைக் காணும்போது கேட்கட்டும். அதுவரை சபையிலே முழங்காதிருக்கட்டும். ஐயரவர்களே கேட்டறிந்தார் என்றால், நமக்கு அதில் என்ன வெட்கம்?

அதிகாரத்தைப் பற்றி அந்நூலே ஒரு செய்தி சொல்கிறது. இளம் பெண்ணுக்குச் சமயவாதிகள் தங்கள் கொள்கையைக் கூறமாட்டார்கள் என்பதனால், மணிமேகலை வஞ்சி நகரில் மாதவன் வடிவம் கொண்டு கேட்டாள். கேட்டவை எதுவும் அவள் மனத்திலே தங்கவில்லை. பிறகு காஞ்சியில் அறவண அடிகள்முன் மெய்ப்பொருளை வேண்டி நின்றாள். பெண்ணென்று அறிந்தே அடிகள் அளவை நூல் முழுவதையும் அவளுக்கு உரைத்தார்.

நம் இல்லங்களில் இன்று எவரும் மாற்றுருக் கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அடுப்பு வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு வருபவர், புகையையும் நெருப்பையும் பற்றிய காதையைத் தாராளமாகத் திறக்கலாம். பாதிப் பாடம் அவருக்கு முன்பே தெரியும்.