வலியறிந்து வாங்குவோம்

"விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்பர் நம் பெரியோர். கணினி வாங்கப் புறப்படும் மாணவனுக்கு இதைவிட நல்ல அறிவுரை வேறில்லை. இதை நான் நாலாயிரம் ரூபாயைத் தொலைத்த பிறகே கற்றுக்கொண்டேன்.

நாம் வாழும் இந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 2006இல் நோக்கியா வந்தது. 2014இல் கதவை மூடிற்று. 2007இல் டெல் நிறுவனம் இங்கே கணினித் தொழிற்சாலை தொடங்கியது. நோக்கியா விட்டுச் சென்ற இடத்தைப் பின்னர் வாங்கிய சால்காம்ப், செல்போன் சார்ஜர் செய்யும் நிறுவனம். சார்ஜர் என்பது என்ன? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைக் குறைந்த வோல்ட் நேர்திசை மின்சாரமாக்கும் கருவி. கணினிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். அதற்கு அண்ணன் முறை! இவற்றையெல்லாம் செய்த கைகள் நம் அக்கா தங்கைகளின் கைகள். ஆனால் அதே பொருளைக் கடையில் வாங்கும்போது நாம் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். இதுவே என் ஆதங்கம்.

என் அக்கா இங்குள்ள ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவள் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில், அலுவலகத்தில் ஓய்வு பெற்ற ஒரு குட்டிக் கணினி எனக்கு வந்தது. கார் உதிரிப்பாகங்களை முப்பரிமாணத்தில் வரையக் கற்றுக்கொண்டால் ஒரகடத்தில் நல்ல வேலை கிடைக்கும் என்பது எங்கள் கனவு. அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்று மீண்டும் பணம் கொடுத்தாள். சென்னையில் ஒரு கடையில் "நாலு ஜி.பி. தம்பி, யோசிக்காதே" என்றார்கள். யோசிக்காமலே வாங்கினேன். வீட்டில் பிரித்தால், கார்டின் உயரம் பெட்டிக்குள் அடங்கவில்லை. அதற்குத் தனியாக மின்சாரம் தரும் ஆறு முள் இணைப்பும் என் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லை. கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

மறுநாள் எங்கள் இயற்பியல் விரிவுரையாளரிடம் சென்றேன். "எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படி" என்றார். மொத்தம் 240 வாட். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர். "பெருக்கிப் பார். 216 வாட். இது முதலாண்டுப் பாடம்தானே?" "தேர்வுக்குப் படித்தேன் ஐயா" என்றேன். அவர் சிரித்தார், எனக்கு வெட்கமாக இருந்தது.

வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். கணினிக்கும் அதுவே நீதி. முதலில் வாட், பிறகே ஜி.பி. கார்டு அமரும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். சில குட்டிக் கணினிகளில் தயாரிப்பாளரே அதற்கும் குறைவாக வரம்பு கட்டியிருப்பதுண்டு. பிராசஸருக்கு 65, கார்டுக்கு 75, மற்றவற்றுக்கு ஓர் ஐம்பது என்று கூட்டினால் 190 ஆகிறது. மிச்சம் இருப்பதே பாதுகாப்பு. கம்பெனிக் குட்டிக் கணினிகளில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிவமும் இணைப்பும் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. கடையில் கிடைக்கும் வேறொன்று பொருந்தாது. ஆகவே அதற்கேற்பத்தான் கார்டைத் தேட வேண்டும்.

பாதி உயரமுள்ள, தனி இணைப்பு கேட்காத கார்டுகள் உண்டு. 2017இல் வந்த ஜி.டி. 1030க்கு 30 வாட் போதும். ஆனால் 2018இல் அதே பெயரில் டி.டி.ஆர்.4 நினைவகத்துடன் ஒன்று வந்தது. நினைவகத்தின் வேகம் நொடிக்கு 48 ஜி.பி.யிலிருந்து 17க்கும் கீழே இறங்கிவிட்டது. பெயர் ஒன்று, பொருள் வேறு! 2022இன் ஆர்.எக்ஸ். 6400 கேட்பது 53 வாட்; ஆயினும் பழைய மதர்போர்டில் அதன் வேகம் குறையும். 2024இன் ஆர்.டி.எக்ஸ். 3050 ஆறு ஜி.பி. 70 வாட்டில் அடங்கும். விலைதான் நம்மைப் பயமுறுத்தும்.

புதிதாகக் கணினி பூட்டுவோர் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வெளியே "500 வாட்" என்றிருக்கும். 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 2004இல் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரை, எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காடாவது பயன்படுகிறது என்பதற்குச் சான்று. மீதி வெப்பமாகிறது. தகரக் கூரையின் கீழ் வாடகைக்கு இருக்கும் நமக்கு அந்த வெப்பமும் ஒரு செலவே.

'கார்டே தேவையில்லை' என்பாரும் உண்டு. கட்டுரை தட்டச்சிடவும் நிரல் எழுதவும் தட்டையான படம் வரையவும் பிராசஸரில் உள்ள கிராபிக்ஸே போதும். அதையும் ஒப்புக்கொள்கிறேன். தேவை எது என்று தெரிந்துகொள்வதும் வலியறிதல்தானே!

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு பழைய கணினியைத் திறந்து வையுங்கள். அதன் சீட்டைப் படித்து, பெருக்கி, கூட்டிப் பார்ப்பதை ஒரு செய்முறைப் பயிற்சி ஆக்குங்கள். இப்போது என் கணினியில் 30 வாட் கார்டு ஒன்று ஓடுகிறது. சிறிய பாகங்களை வரைகிறேன். அந்த நாலாயிரத்தை அக்கா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அது அவளுடைய எத்தனை இரவுகள் என்பது எனக்குத் தெரியும். இன்னொரு வீட்டில் இன்னோர் அக்காவின் இரவுகள் இப்படி வீணாகக் கூடாது.