காத்திருத்தல் கற்பாகுமா?

2024ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் ‘கிராண்ட் பிரீ’ பரிசு பெற்ற படம் ‘ஓல் வி இமஜின் அஸ் லைட்’. பாயல் கபாடியா இயக்கிய அப்படத்தை மும்பை நகரின் சித்திரமாகக் காண்போர் உளர். நான் அதிற் கண்டது, பெண்ணின் வாழ்வு ஆணின் பெயரால் பூட்டப்பட்டிருக்கும் நிலையையே.

மலையாளத் தாதி பிரபாவின் கணவன் ஜேர்மனிக்குச் சென்றவன். ஓராண்டுக்கு மேலாகத் தொலைபேசியிலும் பேசாதவன். ஒருநாள் அந்நாட்டிலிருந்து சோறு சமைக்கும் மின்பாத்திரம் ஒன்று வருகிறது, கடிதம் இல்லை. இரவில் அதனை அவள் அணைத்துக்கொள்கிறாள். அடிக்கும் கணவனை விட்டு ஓடலாம். இல்லாத கணவனை விட்டு எங்ஙனம் ஓடுவது?

வைத்தியசாலைச் சமையற்காரி பார்வதியோ கைம்பெண். இறந்த கணவன் பத்திரம் எதுவும் விட்டுச் செல்லாமையால், வாழ்ந்த வீட்டையே இழக்கிறாள். அவளை ஊரிற் சேர்க்கப் பிரபாவும், உடனுறையும் இளந்தாதி அனுவும் இரத்தினகிரிக் கரைக்குச் செல்கின்றனர்.

முஸ்லிம் இளைஞனைக் காதலிக்கும் அனுவை முன்னர்க் கடிந்தவள் பிரபா. காத்திருப்பவள் பிறருக்கும் காவலாளி ஆகிவிடுகிறாள்! கடற்கரையில், கற்பனையில் வந்தழைக்கும் கணவனை அவள் மறுக்கிறாள். மறுத்த பின்னரே, ஒளிந்திருக்கும் அக்காதலனை அழைத்துவரும்படி அனுவிடம் சொல்ல அவளால் முடிகிறது.

நட்பு பார்வதிக்கு வீட்டை மீட்டுத் தரவில்லை. அது சட்டத்தின் கடமை. ஆயினும், ‘இனிக் காத்திராதே’ என்று சட்டம் சொல்லாது. அதனைத் தோழியே சொல்ல வேண்டும்.