பிள்ளை துபையில் பிறக்கட்டும். பெயர் ஊரில் இருக்கட்டும்!

 

பெரம்பலூர் மாவட்டத்தின் லெப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகள். உள்ளே வயதான அத்தாவும் அம்மாவும், மருமகளும் பிள்ளைகளும் இருப்பார்கள். குடும்பத் தலைவன் மட்டும் இருக்க மாட்டான். வருடத்திற்கோ இரண்டு வருடத்திற்கோ ஒரு முறை, திருச்சி விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கும் விருந்தாளி அவன்!

இப்போது நிலைமை மாறி வருகிறது. படித்த இளைஞர்கள் மனைவி மக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். "சம்பாதிப்பதையெல்லாம் வாடகைக்குக் கொட்டுகிறான்" என்று பெரியவர்கள் சிலர் முணுமுணுக்கிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் வாழ்வது ஆடம்பரமா? அது அந்தப் பெண்ணின் உரிமை அல்லவா? திருமணமான நாற்பதாம் நாள் விமானம் ஏறிப் போனவனுக்காக வயதைத் தொலைத்த நம் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். அமீரகத்தில் குடும்ப விசாவுக்கு மாதம் 4000 திர்ஹம் சம்பளம், அல்லது கம்பெனி தரும் தங்குமிடத்தோடு 3000 திர்ஹம் போதும் என்பது சட்டம். அது விசா வாங்கப் போதும், வாழப் போதுமா? வாடகை, பள்ளிக் கட்டணம், பள்ளிப் பேருந்து, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள் அடங்குமா? தேராவில் பலகை வைத்துத் தடுத்த ஓர் அறையில் மனைவியையும் கைக்குழந்தையையும் வைப்பதற்கா அழைத்துப் போகிறீர்கள்? அந்தத் தடுப்பறைகள் மீதும் 2025-ல் துபை மாநகராட்சி நடவடிக்கை எடுத்தது. வாடகை குறைவென்று ஷார்ஜாவில் வீடு பிடித்தால் காலையும் மாலையும் நெரிசலில் மணிக்கணக்கு போகும். போகட்டும், அதைச் சமாளித்து விடலாம்.

சமாளிக்க முடியாதது வேறு. அங்கே ஒரு குடும்பம் முழுவதும் பெரும்பாலும் ஒருவருடைய வேலையில் தொங்குகிறது. சவூதியில் 2017 ஜூலையில் என்ன நடந்தது? உடன் வாழும் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு 100 வீதம் ஏறி 2020-ல் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1600 ரியால்! எத்தனை குடும்பங்கள் பாதிப் படிப்பில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஊர் திரும்பின! அதற்கு முன் 1990-ல், குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது ஏறக்குறைய 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் அழைத்து வரப்பட்டார்கள். திரும்பி வர ஒரு நாடு இருந்தது. வந்தார்கள்.

அந்த நாட்டில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கிறதா? இதைத்தான் கேட்க வந்தோம்.

துபையில் பிறந்ததால் பிள்ளை அமீரகக் குடிமகன் ஆகிவிடாது. இந்தியக் குடிமகனும் தானாக ஆகிவிடாது! 2004 டிசம்பர் 3-க்குப் பின் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை, பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்கிறது குடியுரிமைச் சட்டம். தவறினால் மத்திய அரசின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று என்று அந்தப் பதிவுச் சான்றிதழை அலட்சியமாகப் போட்டுவிடாதீர்கள். ஊருக்கு வந்து பிரசவம் பார்ப்பவர்களும், பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரை ஏற்றாமலேயே விமானம் ஏறிவிடுகிறார்கள்.

நம் பகுதிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. 1995 வரை நாமெல்லாம் திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம். அரியலூர் 2001-ல் பிரிந்தது, 2002-ல் சேர்ந்தது, 2007-ல் மீண்டும் பிரிந்தது. அரியலூர்க்காரர் வீடு அசையவில்லை. மாவட்டம் நான்கு முறை மாறிவிட்டது! அத்தாவின் பத்திரத்தில் ஒரு மாவட்டம், மகனின் சான்றிதழில் இன்னொன்று. போதாக்குறைக்கு முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறோம். இவற்றையெல்லாம் விடுமுறையில் வரும்போது திருத்தாமல் எப்போது திருத்தப் போகிறோம்? கல்யாண விருந்துக்கே விடுமுறை போதவில்லை என்கிறீர்களா?

அடுத்தது வாக்குரிமை. 2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகப் படிவம் வந்தது. ஊரில் இல்லாதவருக்காகக் குடும்பத்தில் வயது வந்த ஒருவர் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். கணவன் மட்டும் வெளிநாட்டில் இருந்த காலத்தில் மனைவி கையெழுத்திட்டிருப்பார். குடும்பமே போய்ப் பூட்டிய வீட்டில் யார் கையெழுத்திடுவது?

வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியர், பாஸ்போர்ட்டில் உள்ள சொந்த ஊர் முகவரியிலேயே வாக்காளராக இருக்கலாம் என்று 2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குரியது படிவம் 6ஏ, இணையத்திலேயே அனுப்பலாம். நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாக்களிக்க முடியும் என்பது பெரிய குறைதான். அதை மாற்றப் போராட வேண்டும். ஆனால் பட்டியலில் பெயரே இல்லாதவன் எதை வைத்துப் போராடுவான்?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. சந்தாவுக்கு நோட்டு வைத்திருக்கிறீர்கள். அதே போல் குடும்பத்தோடு வெளிநாடு போனவர்களுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தூதரகப் பதிவு ஆயிற்றா, பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியதா, 6ஏ அனுப்பியாயிற்றா என்று மூன்று கட்டம் போதும். கணினி தெரிந்த இரண்டு இளைஞர்களை உட்கார வைத்தால், ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுக் குடும்பங்கள் ஊருக்கு வரும் நேரத்தில் வேலையை முடித்துவிடலாம்.