எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா, வேண்டாமா? ஒரகடம் சொல்லும் கணக்கு

புது கார் டெலிவரி எடுக்கும் நாள். மாலை போட்டாச்சு, டயருக்குக் கீழே எலுமிச்சம் பழமும் வச்சாச்சு. சாவி கைக்கு வரும் நேரத்தில் ஷோரூம் ஊழியர் இன்னொரு தாளை நீட்டுகிறார். "சார், எக்ஸ்டெண்டட் வாரண்டியும் சேர்த்துப் போட்டுடலாமா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கவலையே இல்ல."

பத்து லட்சம் கொடுத்தாச்சு, இன்னொரு 25 ஆயிரம்தானே என்று பலர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, முதல் கார் வாங்கும் ஒரு குடும்பத்துக்கு 25 ஆயிரம் சின்னத் தொகை இல்லை. அதே நேரம், ஐந்தாவது வருடம் கியர்பாக்ஸ் போய், முக்கால் லட்சம் பில் வந்தால் அதையும் தாங்க முடியாது. இந்த வாரண்டி யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

வாரண்டி வேறு, எக்ஸ்டெண்டட் வாரண்டி வேறு

காருடன் சேர்ந்து வருவது அடிப்படை வாரண்டி. தயாரிப்பில் குறை இருந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்பது கம்பெனியின் உறுதி. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. இந்தியாவில் இப்போது 3 ஆண்டு என்பது பரவலாகிவிட்டது. மாருதி சுசுகி நிறுவனமே 2024 ஜூலையில்தான் 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. என்றிருந்ததை 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது.

அந்தக் காலம் முடிந்த பிறகும் பாதுகாப்பு வேண்டும் என்றால், காசு கொடுத்து வாங்குவதுதான் எக்ஸ்டெண்டட் வாரண்டி. பெயர் ஒன்றாக இருந்தாலும் இது ஒரு வகையில் இன்சூரன்ஸ் மாதிரி. பலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு மட்டும் செலவு செய்தால்தான் விற்பவருக்குக் கட்டுப்படியாகும்.

ஒரகடத்தில் தயாராகும் காருக்கு 10 வருட வாரண்டி

நிசான் நிறுவனம் 2025 செப்டம்பரில் மேக்னைட் காருக்கு 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கி.மீ. வரை செல்லும் எக்ஸ்டெண்டட் வாரண்டியை அறிவித்தது. "கிலோமீட்டருக்கு 22 பைசா, ஒரு நாளைக்கு 12 ரூபாய்" என்பதுதான் விளம்பரம். கேட்டால் டீக்காசு மாதிரி தெரியும்.

22 பைசாவை 2 லட்சம் கி.மீ.-ஆல் பெருக்கிப் பாருங்கள். 44,000 ரூபாய். 12 ரூபாயை 10 வருடத்துக்குப் பெருக்கினாலும் கிட்டத்தட்ட அதேதான்.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். முதல் 3 வருடத்துக்கு அடிப்படை வாரண்டி ஏற்கெனவே இருக்கிறது. அப்படியென்றால் 44,000 ரூபாய்க்குக் கூடுதலாகக் கிடைப்பது 7 வருடம். வருடத்துக்குச் சுமார் 6,300 ரூபாய், ஒரு நாளைக்கு 17 ரூபாய். அதிலும் 7-வது வருடம் வரைதான் முழுப் பாதுகாப்பு. கடைசி 3 வருடம் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தான்.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. விளம்பரம் எல்லாமே இப்படித்தான் பேசும். நாள் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு சொன்னால், மொத்தத் தொகை எவ்வளவு, கூடுதலாகக் கிடைக்கும் வருடம் எத்தனை என்று திருப்பிப் போட்டுப் பார்ப்பது வாங்குபவர் வேலை.

லைனில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த வளைவு

தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர்கள் "பாத் டப் கர்வ்" என்று ஒன்றைச் சொல்வார்கள். குளிக்கும் தொட்டி போல இருக்கும் வளைவு. ஒரு பொருளில் தயாரிப்புக் குறை இருந்தால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு நீண்ட காலம் பழுது குறைவாக இருக்கும். கடைசியில் தேய்மானத்தால் மறுபடியும் ஏறும்.

ஆரம்பப் பழுதை அடிப்படை வாரண்டியே பார்த்துக்கொள்ளும். எக்ஸ்டெண்டட் வாரண்டியின் முதல் சில வருடங்கள் பெரும்பாலும் தொட்டியின் அடிப்பகுதியில், அதாவது பழுது குறைவான காலத்தில் விழும். தேய்மானம் தொடங்கும்போது, தேய்கிற பாகங்கள் பட்டியலிலேயே இருக்காது.

பொதுவாக எக்ஸ்டெண்டட் வாரண்டியில் வராதவை:

- கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், 12 வோல்ட் பேட்டரி, வைப்பர், பல்பு, ஃபில்டர், ஆயில்
- விபத்துச் சேதம்
- வெள்ளத்தில் நின்று இன்ஜினுக்குள் தண்ணீர் போனது
- எலி கடித்த வயரிங்
- வெளியில் பொருத்திய கேஸ் கிட், வயரை வெட்டி இணைத்த மியூசிக் சிஸ்டம் ஆகியவற்றால் வந்த கோளாறு
- குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாத வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் பட்ட பாட்டை இந்த ஏரியாவில் யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு நாளில் கைகொடுப்பது வாரண்டி அல்ல, இன்சூரன்ஸ். அதிலும் "இன்ஜின் ப்ரொடெக்ட்" என்ற கூடுதல் கவர் இருந்தால்தான் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குப் பணம் கேட்க முடியும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தாழ்வான பகுதியில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கம்பெனியே கிளம்பிவிட்டால்?

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் போய் ஜிஎஸ்டி ரோட்டைத் தொட்டால், பக்கத்திலேயே மறைமலைநகர். அங்கே இருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. அதே 2022-ல், ஒரகடத்தில் தயாரான டட்சன் பிராண்டையும் நிசான் இந்தியாவில் நிறுத்தியது.

இரண்டு முறையும், ஏற்கெனவே விற்ற கார்களுக்கு வாரண்டி, உதிரிபாகம், சர்வீஸ் தொடரும் என்று நிறுவனங்கள் அறிவித்தன. தயாரிப்பு நின்றாலும் வாரண்டி என்ற ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. ஆனால் விற்பனை நின்ற பிராண்டுக்கு ஷோரூம் நடத்துபவருக்கு வருமானம் குறையும். பக்கத்துத் தெருவில் இருந்த சர்வீஸ் சென்டர் மூடினால், வாரண்டி பேப்பரில் இருந்தாலும் வண்டியை எங்கே கொண்டுபோவது என்பது தனிப் பிரச்சினை.

இப்போது ஒரகடத்தில் மீண்டும் ஒரு மாற்றம். ரெனோ, நிசான் கூட்டாக நடத்திய ஆலையில் நிசானிடம் இருந்த 51 சதவீதப் பங்கையும் வாங்குவதாக 2025 மார்ச் 31-ல் ரெனோ அறிவித்தது. நிசான் கார்கள் அதே ஆலையில் தொடர்ந்து தயாராகும் என்றும், இந்தியாவை விட்டுப் போகவில்லை என்றும் நிசான் சொல்லியிருக்கிறது. ஆலை யாருடையது என்பது வாரண்டியைப் பாதிக்காது. ஆனால் எந்த பிராண்டாக இருந்தாலும், 10 வருட உறுதியை வாங்குபவர் பார்க்க வேண்டியது ஆலையை அல்ல, வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதைத்தான்.

உறுதி தருவது யார் என்பதும் முக்கியம். கார் கம்பெனியின் திட்டமா, டீலர் தானாகப் போட்டுக்கொடுப்பதா, மூன்றாவது நிறுவனம் விற்பதா? கம்பெனி திட்டம் என்றால் பொதுவாக நாடு முழுக்க உள்ள அதன் சர்வீஸ் சென்டர்களில் செல்லும். டீலரின் சொந்தத் திட்டம் என்றால், அந்த டீலர் கடையை மூடினால் கதை முடிந்தது.

யாருக்கு லாபம்?

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வாரண்டி விலை 30,000 ரூபாய். அது காப்பாற்றும் பெரிய பழுதின் செலவு 90,000 ரூபாய். போட்ட காசு திரும்ப வர வேண்டும் என்றால், மூன்று கார்களில் ஒன்றுக்காவது அப்படிப் பழுது வர வேண்டும். பத்தில் ஒரு காருக்குத்தான் வரும் என்றால், அந்த வாரண்டியின் உண்மையான மதிப்பு 9,000 ரூபாய்தான். மீதி, மனநிம்மதிக்குக் கொடுக்கும் விலை. அந்த நிம்மதி தேவையா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

வாங்குவது பற்றி யோசிக்கலாம்:

- 6, 7 வருடத்துக்கு மேல் அதே காரை வைத்திருக்க நினைப்பவர்கள்
- ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ இன்ஜின், நிறைய எலெக்ட்ரானிக்ஸ் உள்ள கார் வாங்குபவர்கள்
- திடீரென 80,000 ரூபாய் பில் வந்தால் கடன்தான் வாங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள்
- தினமும் அதிக தூரம் ஓட்டுபவர்கள்

தேவைப்படாது:

- 4 வருடத்தில் காரை மாற்றிவிடுபவர்கள்
- வருடத்துக்கு 5,000, 6,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவர்கள்
- எளிமையான மேனுவல் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள்
- அவசரத்துக்குத் தனியாகச் சேமிப்பு இருப்பவர்கள்

அதிக தூரம் ஓட்டுபவர்கள் கிலோமீட்டர் வரம்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தாம்பரத்தில் வீடு, ஒரகடத்தில் வேலை, ஒரு வழி 30 கி.மீ. என்று வைத்தால், மாதம் 25 நாளில் 1,500 கி.மீ., வருடத்துக்கு 18,000 கி.மீ. "7 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ." என்ற திட்டம் இவருக்கு ஐந்தரை வருடத்திலேயே முடிந்துவிடும். "எது முதலில் வருகிறதோ அது" என்ற சின்ன எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. கம்பெனி ஷிஃப்டுக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு விதிகளே வேறாக இருக்கலாம். ஓட்டுநர்கள் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

எலெக்ட்ரிக் காரில் பெரிய பயம் பேட்டரி. ஆனால் அதற்குத் தனி வாரண்டி உண்டு. ஹூண்டாயின் கிரெட்டா எலெக்ட்ரிக் காருக்கு அது 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. அந்தப் பயத்தைக் காட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்றால், எது எதில் வருகிறது என்று பிரித்துக் கேளுங்கள்.

வெளியே சர்வீஸ் விட்டால் வாரண்டி போய்விடுமா?

14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஓர் உத்தரவு போட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றது. நிறுவனங்கள் இதை எதிர்த்து வழக்குகளும் நடத்தின. நடைமுறையில், கிளெய்ம் என்று வந்தால் முதலில் கேட்பது சர்வீஸ் ரெக்கார்டைத்தான். எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குக் காசு கட்டியவர் அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலேயே சர்வீஸ் விட்டு, பில்களைப் பத்திரமாக வைப்பதுதான் பாதுகாப்பு. அந்தச் சர்வீஸ் செலவையும் வாரண்டி விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் 5 கேள்விகள்

1. இன்றே வாங்க வேண்டுமா? பெரும்பாலான நிறுவனங்கள் அடிப்படை வாரண்டி முடியும் வரை வாங்க அனுமதிக்கின்றன. தாமதமானால் விலை கொஞ்சம் ஏறலாம். ஆனால் அதற்குள் கார் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். சில திட்டங்கள் புது கார் வாங்கும்போது மட்டுமே கிடைக்கும்.
2. லோனில் சேர்க்கிறார்களா? 25,000 ரூபாயை 9.5 சதவீத வட்டியில் 5 வருடக் கடனில் சேர்த்தால், கட்டி முடிக்கும்போது சுமார் 31,500 ரூபாய் ஆகியிருக்கும்.
3. உறுதி தருவது யார்? கம்பெனியா, டீலரா? சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது?
4. எதெல்லாம் வராது? நோட்டீஸைப் பார்க்காமல், முழு நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.
5. காரை விற்றால் மாறுமா? புது உரிமையாளருக்கு மாற்ற முடிந்தால், பழைய கார் விற்கும்போது அது ஒரு கூடுதல் பலம்.

கிளெய்மை மறுத்தால்?

வாய்ப்பேச்சோடு விடாமல், மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் வாங்கிய ஊர் எதுவாக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கோவில்பட்டியில் கார் வாங்கி ஒரகடத்தில் வேலை பார்ப்பவர், வழக்குக்காக ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

எக்ஸ்டெண்டட் வாரண்டி எல்லாருக்கும் தேவையும் இல்லை, எல்லாருக்கும் வீணும் இல்லை. ஆனால் டெலிவரி நாள் சந்தோஷத்தில் எடுக்க வேண்டிய முடிவு அது இல்லை. நிபந்தனைத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய், உங்கள் ஓட்டத்தை வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டாலும் பெரும்பாலும் எதுவும் குறைந்துவிடாது.